அவருக்குத் தெலுங்கு மட்டும் திரும்பியது

என் கணவர் கடைசியாக என்னிடம் சரளமாகத் தமிழ் பேசியது செல்போனில். கான்சாபுரத்திலிருந்து கூப்பிட்டார்.

"அக்கா வீட்லயே சாப்ட்டுட்டேன். எனக்குன்னு எதுவும் வைக்காத. வாரேன்."

"மோட்டார் ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடாம என்ன செய்யும்? காயில் கட்டுனது யாரு?"

ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார் அவர். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, மறுபடி ஓட வைக்கிற வேலை. அன்றைக்கு அவருடைய அக்காவின் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கிருஷ்ணன்கோவில் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு நாய் குறுக்கே ஓடியிருக்கிறது. பைக் சரிந்து, ரோட்டோரக் கல்லில் தலையின் இடப்பக்கம் பட்டிருக்கிறது. ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் இருந்தது. வெயில் காலத்தில் எப்போதும் அங்கேதான் இருக்கும்.

அந்த வழியாக வந்த கல்லூரி பஸ்ஸின் டிரைவர்தான் இறங்கித் தூக்கி உட்கார வைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவர் போனில் கடைசியாகப் பேசிய நம்பருக்கு அடித்தார். "பயப்படாதீங்கம்மா, நல்லாப் பேசுறாரு. பைக்க நிமுத்தி வையுங்க, பெட்ரோல் ஒழுகுதுங்கிறாரு" என்றார். அதனால் நான் அழக்கூட இல்லை. கை கால் ஏதாவது முறிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் நினைவிழந்திருந்தார். நல்லாப் பேசிய மனிதர் எப்படி இப்படி ஆனார் என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனேன்.

மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கிய டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். அடிபட்டதும் பேசுவது நல்ல அறிகுறி என்று நாம் நினைத்துவிடுகிறோம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. கசிந்த ரத்தம் இடம் பிடிக்கப் பிடிக்க, மூளை நெருக்கப்பட்டு வீங்க ஆரம்பித்துவிடும்.

"வீக்கத்துக்கு எடம் விடணும்மா. ஒரு பக்க எலும்ப எடுத்துர்றோம். வீக்கம் வத்துனப்பறம் அதே எலும்ப வைப்போம்."

"அதுவரைக்கும் எலும்பு?"

"அவரு வயித்துத் தோலுக்கடியில வச்சுத் தச்சிருவோம். கெடாம இருக்கும்."

அவர் பிழைத்தார். மகள் பெங்களூரிலிருந்து வந்து கூடவே இருந்தாள், லீவு முடிந்ததும் போனாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தபோது தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். குழாய் இருக்கும்வரை பேச முடியாது என்றார்கள். நான் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே விடும் நேரமெல்லாம் பேசினேன். பக்கத்து வீட்டு மாமரம் காய்த்தது, கடைச் சாவியை யாரிடம் கொடுத்தேன், கரண்ட் எப்போது போனது என்று எல்லாம் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் கல்யாண வாழ்க்கை ஓடியதே பேச்சில்தான். அவர் தினமும் ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டு வருவார். எந்தக் கிணற்றில் பாம்பு கிடந்தது, எந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே கிணற்றுக்கு இரண்டு மோட்டார் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள், எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். நான் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதினேன். என் பங்குக்கு ஆபீஸ் கதைகள் இருக்கும். "ஏட்டி, பொறவு அவன் என்ன சொன்னான்?" என்று அவர் கேட்கிற தோரணைக்காகவே சில கதைகளைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்.

இந்தப் பேச்செல்லாம் தமிழில்தான். அவர் பிறந்த வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ராஜபாளையத்தில் அது புதிதில்லை, தெருவுக்குத் தெரு இரண்டு பாஷையும் புழங்கும். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, தமிழ் மட்டும் பேசும் வீடு. நாங்களாகச் செய்துகொண்ட கல்யாணம் என்பதால் அவர் வீட்டில் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை, அக்கா ஒருவரைத் தவிர. அந்த அக்காவும் என்னிடம் தமிழில்தான் பேசுவார். அவரும் அக்காவும் போனில் பேசும்போது மட்டும் வீட்டுக்குள் தெலுங்கு கேட்கும். அது எனக்கு அடுத்த தெருவில் ஓடும் தறிச் சத்தம் மாதிரி. காதில் விழும், உள்ளே ஏறாது.

குழாயை எடுத்து, வார்டுக்கு மாற்றி, சில நாட்கள் கழித்து அவர் வாயிலிருந்து முதல் வார்த்தை வந்தது. "நீள்ளு" என்றார். தண்ணீர். அந்த அளவு தெலுங்கு எனக்குத் தெரியும். வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் பேசிவிட்டார் என்ற சந்தோஷத்தில் எந்தப் பாஷை என்பதெல்லாம் மனதில் படவே இல்லை.

மறுநாள் அக்கா வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் ஏதோ சொன்னார். என் கணவர் பதில் சொன்னார். ஒரு வார்த்தை, பிறகு இரண்டு, பிறகு திக்கித் திக்கி ஒரு முழு வாக்கியம். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் குனிந்து, "என்னங்க, என்னையத் தெரியுதா?" என்றேன். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. எதையோ தேடுகிற மாதிரி நெற்றி சுருங்கியது. ரொம்ப நேரம் கழித்து "அக்கா" என்றார்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "ஒங்களுக்குத் தெலுங்கு தெரியாதாக்கா?" என்று கேட்டாள். ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள், குத்தலாக இல்லை. நான் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கக் கீழே போனேன். காபி வாங்காமலே படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே வந்தேன்.

பார்க்க வந்தவர்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பெற்றவளின் பாஷைதான் ரத்தத்தில் இருக்கும் என்றார் ஒருவர். கட்டினவள் பாதியில் வந்தவள்தானே என்று இன்னொருவர் என் காதில் விழும்படியே சொன்னார். என் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு வருசம் ஒங்கூட இருந்துட்டு ஒன் பாசையப் போயி மறந்துட்டாரே" என்று வருத்தப்பட்டான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் வயதில் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். ஒரு நாள் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னாள்.

"இது மறதி இல்லம்மா, பாசமும் சம்பந்தமில்ல. இடப்பக்க மூளையில பேச்சுக்கான எடத்துல அடி. ரெண்டு மொழி பேசுறவங்களுக்கு அது எப்படித் திரும்பும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. சிலருக்கு ரெண்டும் சேந்து வரும். சிலருக்குச் சின்ன வயசு மொழி முதல்ல வரும், சிலருக்கு அதிகமாப் பேசுன மொழி. இவருக்குத் தெலுங்கு வந்திருக்கு. தமிழ் வரலாம், வராமலும் போகலாம்."

"என்னைய அக்காங்கிறாரே?"

"அவருக்கு வேண்டிய வார்த்தை கைக்கு எட்டல. பக்கத்துல கெடக்கிற வார்த்தையை எடுத்துக் கொடுக்கிறாரு. நீங்க யாருன்னு தெரியாமச் சொல்லல. நீங்க வெளிய போனா வாசலையே பாக்குறாரு, கவனிச்சிருக்கீங்களா?"

நான் எப்படிக் கவனித்திருக்க முடியும்? வெளியே அல்லவா இருந்தேன்.

எப்படிப் பேச வேண்டும் என்றும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம். சின்ன வாக்கியம். கையாலும் காட்ட வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவர் வார்த்தையைத் தேடும்போது நாம் எடுத்துக் கொடுக்க அவசரப்படக் கூடாது. அவர் களைத்துவிட்டால் விட்டுவிட வேண்டும். மூளையில் அடிபட்டவர்களுக்கு உட்கார்ந்து கேட்பதே வெயிலில் வேலை பார்த்த மாதிரி அசதி தரும் என்றாள்.

அவருடைய வயிற்றுக்குள்ளிருந்த எலும்போடு வீட்டுக்கு வந்தோம். தலையின் இடப்பக்கம் பள்ளமாக இருந்தது. அந்தப் பக்கம் படுக்க விடக் கூடாது, எழுந்தால் தலைக்குக் கவசம் மாட்ட வேண்டும். வலது கை தூக்க வரவில்லை. வலிப்பு வராமலிருக்க மாத்திரை, ஒரு வேளை தவறினாலும் ஆபத்து. நான் கம்பெனி வேலையை விட்டேன். அக்கா தன் வீட்டைப் பூட்டிவிட்டு, மாற்றுச் சேலைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கணவர் இறந்து இரண்டு வருஷமாகக் கான்சாபுரத்தில் தனியாக இருந்தவர். "என் மோட்டாரப் பாக்க வந்துதான இந்தக் கதி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அக்கா இல்லாவிட்டால் என்னால் சமாளித்திருக்க முடியாது. ஆனாலும் அந்த மாதங்களைப் போல நான் தனியாக இருந்ததே இல்லை. முன்னறையில் அவர்கள் இரண்டு பேரும் பேசுவார்கள். அவர் கேட்பார், அக்கா சொல்வார். சில நேரம் சிரிப்பார்கள். நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். என் கணவரின் அதே குரல்தான், கதை சொல்லும்போது மேலே ஏறி இறங்குகிற அதே ஓசை. ஒரு சொல்லும் எனக்கானது இல்லை. என்ன பேசினீர்கள் என்று கேட்டால் அக்கா, "பழைய கததான்" என்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. என்னைப் பற்றி ஏதோ சொல்கிறார் போலிருக்கிறது, அதை அக்கா மறைக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்தால் பேச்சு நிற்கும். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார், டம்ளரை இடது கையால் வாங்கிக்கொள்வார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். நான் சொல்வதில் பாதி புரிந்தது, கையால் காட்டினால் முக்கால்வாசி. பேச மட்டும் எதுவும் இல்லை.

கடைப்பக்கத்து நண்பர்கள் முதலில் கூட்டமாக வந்தார்கள். காது கேட்காதவரிடம் பேசுவது போல அவரிடம் கத்திப் பேசினார்கள். "ஏலே, என்னலே இப்படி ஒக்காந்திருக்க!" அந்தச் சத்தத்தில் அவர் முகம் சிவந்து, இடது கையால் டம்ளரைத் தட்டிவிடுவார். முன்பு கோபமே வராத மனிதர். சத்தம் அவருக்கு ஆகாது, கத்தாமல் பேசுங்கள் என்று நான் சொன்னால் சங்கடப்பட்டு எழுந்துவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வருவது நின்றது. ரோட்டில் பார்த்தால், "ஆளு நல்லாத்தான இருக்காப்ல?" என்று கேட்பார்கள். எலும்பை மறுபடி வைத்துத் தைத்து, மேலே முடியும் வளர்ந்துவிட்ட பிறகு, பார்க்கிற யாருக்கும் அவர் நல்லாத்தான் இருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. அவர் மேலே பார்த்து, "அட சனியனே!" என்றார். அச்சுப் பிசகாத தமிழ். கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். "என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க!" அவருக்கு வரவில்லை. முயன்று பார்த்துவிட்டு அழுதுவிட்டார். அன்று முழுக்க, தமிழ் திரும்ப ஆரம்பித்துவிட்டது என்று மகளிடமும் அண்ணனிடமும் போனில் சொன்னேன். பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள். ஆனால் வசவு, ஒன்று இரண்டு மூன்று, கிழமைகள் போன்றவை யோசிக்காமல் தானாக வாயில் வருபவை, மூளையில் அவற்றுக்கு வேறு வழி இருக்கிறது, அதை நம்பி ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகும் கரண்ட் போகும்போதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சில தடவை திட்டினார், சில தடவை சும்மா இருந்தார்.

மாங்காய் பறிப்புக்கு ஆள் விட வேண்டும் என்று அக்கா ஊருக்குக் கிளம்பினார். அதன் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையிலிருந்து இருட்டும்வரை வீட்டில் ஒரு பேச்சு இல்லை. மகள் தினமும் போன் செய்வாள், ஆபீஸ் பஸ்ஸில் ஏறிக்கொண்டே பேசுவாள், பஸ் வந்ததும் வைத்துவிடுவாள். ஒரு நாள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அக்காவுக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு அக்கா சொன்னார், "தையல் போட்ட எடத்துல அரிக்கிதாம். பவுடர் போடு."

அரிப்பு. அதைச் சொல்ல அவருக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. அன்றைக்குத்தான் தெலுங்கு கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

எதிர்வீட்டம்மா வீட்டில் தெலுங்குதான் பேசுவார். அவரிடம் தினமும் வாசல் தெளிக்கும்போது நாலு வார்த்தை கேட்டுக்கொள்வேன். சாப்பிட்டாயா, வலிக்கிறதா, குளிரா, வெளியே போகலாமா. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பாஷை நாக்கில் ஏறுவது லேசு இல்லை. ஒரு தடவை வாழைப்பழத்தை உரித்துக்கொடுத்து, "பந்தி" தின்னுங்கள் என்று சொல்லிவிட்டேன். பண்டு என்றால் பழம், பந்தி என்றால் பன்றி. அவர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்து, இருமி, கண்ணில் நீர் வந்து, இடது கையால் மூக்கைத் தூக்கி உறுமிக் காட்டினார். விபத்துக்குப் பிறகு என்னால் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் இன்னும் இரண்டு நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "வத்து", வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

கொஞ்சம் பேச முடிந்தது. ஆனால் அவருக்கு இருக்கிற தெலுங்கு உடைந்தது, எனக்கு இருக்கிற தெலுங்கு ஒட்டவைத்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்கலாம், வலியைச் சொல்லலாம். ஆபீஸ் கதையைக் கூட்டிச் சொல்ல முடியாது. சண்டை போட முடியாது. இருபது வயதில் நான் யாரோடு பேசப் பிடித்து வீட்டைவிட்டு வந்தேனோ, அந்த ஆளிடம் வெயில் அடிக்கிறது, மழை வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பறிப்பு முடிந்து அக்கா சில நாள் தங்க வந்தார். வந்த அன்றே வழக்கம்போல முன்னறையில் பேச்சு ஆரம்பித்தது. நான் இந்தத் தடவை அடுப்படிக்குப் போகவில்லை. கீரையை எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆய்ந்தேன். பாதிதான் புரிந்தது. ஒரு ஆடு தொலைந்து போனது. புளியமரத்திலிருந்து யாரோ விழுந்தது. அம்மா அடித்தது. இவ்வளவுதான். நான் மாதக்கணக்கில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பயந்துகொண்டிருந்த பேச்சு இதுதான்.

பிறகு அவர் கேட்டார், "பாவா எக்கட?"

பாவா என்றால் அக்காவின் கணவர். எங்கே என்று கேட்கிறார். நான் கீரையை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன்.

"ஊரிகி போயினாரு" என்றார் அக்கா. ஊருக்குப் போயிருக்கிறார். சாதாரணமாக, சிரித்த முகத்தோடு சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி ஆட்டுக் கதைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "பாவா எக்கட?" மறுபடியும் அதே பதில்.

அவர் மத்தியானத் தூக்கத்துக்குப் போன பிறகு அடுப்படியில் அக்காவிடம் கேட்டேன். "மதினி, அவரு ஒங்க வீட்டு அண்ணனத்தானே கேக்காரு?"

அக்கா கழுவின தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

"அண்ணன் எறந்தது அவருக்கு ஞாபகமில்லையா? கொள்ளிக்கொடம் ஒடைக்கயில பக்கத்துலதானே நின்னாரு?"

"இல்ல. அந்த வருசமெல்லாம் அவனுக்கு இல்ல."

"எப்பருந்து இப்படிக் கேக்காரு?"

"ஆஸ்பத்திரியிலருந்தே. மொதல்ல உண்மையத்தான் சொன்னேன். அப்பத்தான் கேக்கிற மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். மக்யா நாளு மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன், மறுபடி அழுதான். தெனமும் எழவு சொல்ல ஏலல. பொறவு ஊருக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். செவனேன்னு இருந்தான். அதையே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"எங்கிட்ட ஏன் மதினி சொல்லல?"

"ஒனக்கு இருக்கிறது பத்தாதா?" சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ காப்பி கொண்டாந்து வச்சிட்டு எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வ பாப்பியே, அது எனக்குத் தெரியாதா? அவன் எங்கூடப் பேசுதான்னு நெனச்ச. அவன் எங்க எங்கூடப் பேசுனான்? பாவாட கட்டிக்கிட்டு ஆடு மேய்ச்ச பிள்ளகூடல்ல பேசுதான். அவரு போனப்பறம் நான் எப்படி இருக்கேன்னு கேட்டுக்கிட்டிருந்தது இவன் ஒருத்தன்தான். தெனமும் போன் போடுவான். இப்ப அவன் அதக் கேக்கவே மாட்டான்."

அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. நான் இறக்கி வைத்தேன். "நீங்க எப்படி இருக்கீங்க மதினி?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே அபத்தமாக இருந்தது. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். தனியாகச் சமைத்தால் அரை டம்ளர் அரிசி போட்டாலும் மிஞ்சுவது, தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் பூட்டைத் தானே திறக்க வேண்டியிருப்பது. அவர் எழுந்து கூப்பிடும்வரை பேசிக்கொண்டிருந்தோம். இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் மாத்திரையையும் கஞ்சியையும் தவிர எதையும் பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு தடவை அவரைக் கான்சாபுரத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொல்லியிருந்தார். கூட்டம் இல்லாத நேரத்து பஸ்ஸாகப் பார்த்து ஏறினோம். அவர் விழுந்த இடத்தை பஸ் தாண்டியபோது நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் அவருக்கு ஒன்றுமே இல்லை.

அக்கா வாசலில் நின்றிருந்தார். உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது நடுவீட்டுச் சுவரை. அக்கா கணவரின் படம் மாலையோடு மாட்டியிருக்கும் இடத்தில் வெறும் ஆணி இருந்தது. சுற்றியுள்ள சுண்ணாம்பு மங்கியிருக்க, படம் இருந்த சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சின்ன மின்பல்பையும் வயரோடு கழற்றியிருந்தார்.

என் கணவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்கட்டு வரைக்கும் போய்விட்டு வந்து கேட்டார். நான் அக்காவை முந்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த தெலுங்கில் பதில் சொன்னேன். ஊருக்குப் போயிருக்கிறார் என்று. அவர் என்னை நம்பினார். சாப்பிட்டுவிட்டு நார்க்கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார்.

அக்கா பீரோவைத் திறந்தார். சேலைகளுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்து, மடியில் வைத்துத் துடைத்தார்.

"வெள்ளிக்கெழம. பூ வாங்கி வச்சிருக்கேன். செத்த நேரம் மாட்டிக்கிடவா?" என்று கேட்டார். என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி.

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஏறிப் படத்தை ஆணியில் மாட்டினார். பூவைச் சுற்றினார். விளக்கு ஏற்றவில்லை, வாசனைக்கு அவர் விழித்துவிடக் கூடாதென்று ஊதுபத்தியும் கொளுத்தவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். வெளியே தோட்டத்தில் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. அக்கா கையைக் கூப்பவில்லை, அழவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டில் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் புரண்டு படுத்தார். அக்கா எழுந்து ஸ்டூலை இழுத்தார். படம் மறுபடி பீரோவுக்குள் போனது. பூவை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். பிறகு அதில் ஒரு துண்டைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார்.

சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் பிறந்த தெருவும் என் அண்ணன் வீடும் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நான் இறங்கவில்லை. பஸ்ஸில் ஏறிய ஒரு பெண் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவரைப் பார்த்துவிட்டு, "ஒடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டாள். தலையில் அடிபட்டது என்று ஆரம்பித்தேன். ராஜபாளையம் வரும்வரை நான் நிறுத்தவே இல்லை.